கழுவி விட்ட தண்ணீர்

எங்கள் லைனில் எனக்கு நிலமோ நகையோ கிடையாது. இருந்தது ஒரே ஒரு சொத்து. தண்ணீரைப் பற்றி மாணிக்கராஜ் ஒன்று சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள். அறுபத்தெட்டாம் வருஷம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்வதற்குள், அதை என் கையாலேயே தொலைத்தேன்.

அந்தச் சொத்து சும்மா வந்ததில்லை. நான் சானிட்டரி செக்‌ஷனில் மேஸ்திரி. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துச் சரிவில் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய தகர வீடுகளைத்தான் லைன் என்போம். நாலு வருஷம் முன்பு அங்கே காலரா வந்தபோது, தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலக்கும் வேலை எனக்கு. ஒருத்தரும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. கக்கூஸ் நாற்றம் அடிக்கிறது என்றார்கள். குடத்தோடு என் காலடியில் கொட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. நானும் விடவில்லை. வீடு வீடாகப் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன். "வாசனை வந்தா மருந்து கீதுன்னு அர்த்தம். தைரியமாக் குடிங்க. வாசனை வரலைன்னா குடிக்காதீங்க, வந்து எங்கிட்டச் சொல்லுங்க." ஒரு மாதம் போனது. அப்புறம் பார்த்தால், காலையில் பெண்கள் என் வீட்டுக்கு வந்து, "இன்னாண்ணே, இன்னிக்கித் தண்ணியில வாசனையே இல்ல, மருந்து போட மறந்துட்டியா?" என்று சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? சம்பளம் வாங்கும் நாளில்கூட அப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை.

அந்த மே மாதம் தண்ணீர் இல்லை. லைன் குழாயில் காலையில் ஒரு மணி நேரம் வரும் என்று பேர். வருவது அரை மணி. அதிலும் பாதி நேரம் காற்று. முந்தின நாள் சாயங்காலமே பெண்கள் குடங்களைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிடுவார்கள். குடம் இல்லாதவர்கள் ஒரு கல்லை வைப்பார்கள். கல் நகர்ந்ததா இல்லையா என்று தினமும் ஒரு மண்டை உடையும்.

லைனுக்கு மேலே, சரிவின் உச்சியில், பெரிய ஆபீசர் பங்களா. அங்கே ரோஜாத் தோட்டத்துக்கே ரெண்டு வேளை தண்ணீர். அந்த ஆபீசர், வெள்ளைக்காரன் விட்டுப்போன கேரவானை ஏலத்தில் எடுத்திருந்தார். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வீடு அது. உள்ளே படுக்கை, மடக்கு மேஜை, பாத்திரம் கழுவும் தொட்டி, குளிக்கவும் கக்கூஸ் போகவும் ஒரு சின்ன அறை எல்லாம் உண்டு. படுக்கைக்குக் கீழே ஒளித்துவைத்தாற்போல் நாற்பது காலன் தண்ணீர் டேங்க். கைப்பம்பை அடித்தால் குழாயில் தண்ணீர் வரும். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஷெட்டில் கிடந்த வண்டி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அதில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகிறார்கள், டேங்கையும் குழாயையும் சுத்தம் பண்ணிக் கொடு என்று வெள்ளிக்கிழமை எனக்கு ஆள் வந்தது.

மூடியைத் திறந்து கையை விட்டேன். பச்சைப் பாசி வழவழவென்று கையில் வந்தது. அடியில் ஒரு பல்லி, எலும்பாக. பின்னால் நின்ற பங்களா அம்மா அதைப் பார்த்து முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மெட்ராஸ்காரி. பேச்சு மெதுவாகத்தான் வரும், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"தேய்ச்சுக் கழுவிட்டு மருந்து போட்டு ராத்திரி ஊறவச்சிட்றேம்மா. காலையில ஒவ்வொரு குழாயா வாசனை வர்ற வரைக்கும் அடிச்சிட்டு, மொத்தத்தையும் கீழ விட்டுட்டு, நல்ல தண்ணி வுட்டு அலசிட்டா போதும்" என்றேன்.

"எவ்வளவு மருந்து போடுவே?"

"இந்த டேங்குக்கு ரெண்டு ஸ்பூன். தண்ணியில கரைச்சு, தெளிய வச்சு, துணியில வடிகட்டி ஊத்தணும்."

"ஸ்பூனா? பல்லி கிடந்திருக்கு. யார் யாரோ வாய் வச்ச டேங்க். டின் முழுசையும் போடு."

ரெண்டு பவுண்டு டின். அவ்வளவையும் போட்டால் அது தண்ணீர் இல்லை, சுண்ணாம்புக் குழம்பு. தொண்டையில் இறங்கினால் வெந்துவிடும். எனக்குத் தெரியாதா? நாலு வருஷமாக அந்தப் பவுடரை முகர்ந்தே என் மூக்கு செத்துப்போயிருக்கிறது. "வேணாம்மா, அப்பால வாசனை போறதுக்கு மூணு தடவையாவது டேங்க் ரொப்பி அலசணும்" என்று வாயெடுத்தேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. மூணு தடவை. ஒரு டேங்குக்குப் பன்னிரண்டு குடம். ஷெட்டில் விடும் தண்ணீர் பங்களா பின்சுவர் ஓட்டை வழியாக வெளியே போய், ஒரு சிமெண்டு வாய் வழியாகக் கொட்டி, லைன் பக்கம்தான் இறங்குகிறது. மருந்துத் தண்ணீரையும் முதல் அலசலையும் விட்டுவிட்டால்கூட, ரெண்டு டேங்க் நல்ல தண்ணீர். இருபத்து நாலு குடம்.

"மூணு தடவை என்ன, பத்து தடவை அலசு. தண்ணிக்கு என்ன பஞ்சமா?" என்றாள் அம்மா.

டின்னைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தேன். அம்மா சொன்னதற்குப் பயந்து செய்தேன் என்று பின்னால் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். இருபத்து நாலு குடத்துக்கு ஆசைப்பட்டுச் செய்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் என் தங்கை லூயிசாவைக் கூப்பிட்டேன். புருஷனைச் சுரங்கத்து ஷாஃப்டில் பறிகொடுத்தவள், வாய்த் துடுக்கு ஜாஸ்தி, ஆனால் காரியத்தில் கெட்டி. "நாளைக்குப் பன்னண்டு மணி சங்கு ஊதினப்புறம் பங்களா பின்சுவராண்ட குடம் எத்துக்கினு வாங்க. நல்ல தண்ணி வரும். நம்ம வரிசையில கீறவங்க கிட்ட மட்டும் சொல்லு. சத்தம் போடாம புடிச்சுக்கினு போயிடணும்" என்றேன்.

சங்குக்கு முன்னால் வருவது விஷத் தண்ணீர் என்று சொன்னேனா? சொல்லவில்லை. பத்து மணிக்கே நான் அதைத் திறந்து விட்டுவிடப் போகிறேன், சங்கு ஊதுவதற்குள் எல்லாம் போய்விடும், அதைப் போய்ச் சொல்லிப் பேச்சு பங்களா வரைக்கும் ஏறினால் இந்தத் தண்ணீரும் போய்விடும் என்று என் புத்தி வேலை செய்தது. ரொம்பத்தான் புத்தி.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கேரவானில் ஏறிக் கைப்பம்பை அடித்தேன். ஒவ்வொரு குழாயிலும் வெள்ளையாக வந்தது. கண் எரிந்தது. பின்சுவர் ஓட்டை வழியாகத் தற்செயலாக எட்டிப் பார்த்தால், அந்தச் சிமெண்டு வாய்க்கு முன்னால் ஒன்பது பானைகள் வரிசையாக இருக்கின்றன. கல்லும் நாலைந்து. ஆள் யாரும் இல்லை. பன்னிரண்டு மணித் தண்ணீருக்கு எட்டு மணிக்கே வரிசை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அன்றைக்குச் சிரித்தது அதோடு சரி.

ஒன்பதரைக்கு அம்மா கூப்பிட்டாள். அலசுவதற்குத் தோட்டத்து ஹோஸ் வேண்டாமாம், அது மண்ணில் கிடப்பதாம். கிளப்பில் புதுக் கேன்வாஸ் ஹோஸ் இருக்கிறது, சீட்டுக் கொடுக்கிறேன், போய் வாங்கி வா என்றாள். டிரைவர் வேணுகோபாலிடம் சொன்னேன். "அண்ணே, நான் வர்ற வரைக்கும் டேங்கோட கீழ் அடைப்பானைத் தொடாத."

"நான் இன்னாத்துக்குத் தொடுறேன்?" என்றான்.

கிளப்பில் சாவி வைத்திருப்பவன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வந்து, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஹோஸைத் தேடி எடுத்துக் கொடுக்க முக்கால் மணி நேரம். ஹோஸைச் சைக்கிளில் சுற்றிக்கொண்டு சரிவுப் பாதையில் வந்தபோது காற்றில் அந்த வாசனை அடித்தது. தூரத்திலேயே அடித்தது. எதிரே பெண்கள் வரிசையாக இறங்கி வருகிறார்கள், தலையில் பானை, பானையில் தளும்பத் தளும்பத் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"மாணிக்கண்ணே, நீ நல்லாருக்கணும்! சங்குக்கு முன்னாடியே தண்ணி வந்துடுச்சு! இன்னா வாசனை பாரு! நம்ம குழாயில இப்படி வாசனை வந்து எத்தினி நாளாச்சு!" என்று முன்னால் வந்தவள் கத்தினாள்.

சைக்கிளை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஓடிப்போய் அவள் தலையிலிருந்த பானையைத் தட்டிவிட்டேன். அது உடைந்தது. அடுத்ததை இழுத்தேன், அதுவும் உடைந்தது. "கீழ ஊத்துங்க! குடிக்காதீங்க! அது விஷம்!" என்று அலறினேன். ஒருத்தியும் ஊற்றவில்லை. பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னை விட்டு ஒதுங்கினார்கள்.

"விஷமா? மருந்து வாசனை வந்தா நல்ல தண்ணின்னு நீதானே சொல்லிக்கினு திரிஞ்ச?"

"இது வேற! மருந்து ஜாஸ்தி!"

"ஜாஸ்தின்னா இன்னும் நல்லதுதானே?"

காரம் ஜாஸ்தி, உப்பு ஜாஸ்தி என்றால் அவர்களுக்குப் புரியும். மருந்து ஜாஸ்தியானால் கெடுதல் என்று நான் ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. சந்தேகம் வந்தால் குடிக்காமல் விட்டுவிடுவார்களே என்று பயந்து, நல்லது நல்லது என்றே சொல்லி வைத்தேன்.

"தங்கச்சிக்கு வேணும்னு நம்மள வெரட்டுறான்" என்றாள் ஒருத்தி. லூயிசா மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் பானையை அவளே கீழே போட்டு உடைத்தாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் நின்றார்கள்; மிச்சப் பானைகளையும் வாங்கி உடைத்தேன். உடைந்தது ஏழு பானை என்று எண்ணினேன். ஒன்பது இருந்ததே என்றேன்.

"ஒண்ணு இங்கதான், இன்னும் ரொப்பல" என்று கடைசியில் நின்றவள் காலிப் பானையைக் காட்டினாள். "மணியம்மா அக்கா முன்னாடியே போயிட்டாங்க. வூட்டுக்காரரு நேத்திலேர்ந்து தாகம் தாகம்னு கீறாரு."

மணியம்மாள் புருஷன் ராமலிங்கம் இருபத்தாறு வருஷம் பாறை துளைத்த ஆள். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. படுத்தால் மூச்சு நிற்கும் என்பதால் சுவரில் சாய்ந்தே தூங்குவார். நான் போய்ச் சேர்ந்தபோது சொம்பு உருண்டு கிடந்தது. அவர் இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். உதடு வெள்ளையாக வெந்திருந்தது. வாந்தியில் ரத்தம். மணியம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாசனை வந்துச்சேப்பா" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பங்களாவுக்கு ஓடி, ஆஸ்பத்திரிக்குப் போக காரைக் கேட்டேன். வேணுகோபால் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து தலையைக் குனிந்துகொண்டான். காரைக் கேரவானோடு கட்டியாகிவிட்டதாம், அவிழ்த்தால் மறுபடி கட்ட ஒர்க்‌ஷாப் ஆள் வரவேண்டுமாம். அடைப்பானை ஏன் திறந்தாய் என்று அவன் சட்டையைப் பிடித்தேன். "அம்மா நாலு வாட்டி வந்து ஏன் இன்னும் திறக்கலைன்னு கேட்டாங்க, நான் இன்னா பண்றது?" என்றான். அவன் சட்டையை விட்டுவிட்டேன். நான் மட்டும் அம்மா சொன்னதற்கு என்ன பண்ணினேன்?

கயிற்றுக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் நல்ல மனுஷர். ஓடி ஓடிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே அழைத்து, தொண்டை வெந்து போயிருக்கிறது, நல்ல நுரையீரலாக இருந்தால் பயப்பட மாட்டேன், இந்த நுரையீரலுக்கு நான் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். மணியம்மாள் வாசலில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று மணிக்குப் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. டேங்க் அலசவில்லை, உடனே வா.

போனேன். போகாமல் என்ன செய்வது? அம்மா வாசல் படியில் நின்றிருந்தாள். "பாவம், அந்த ஆளுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், "நம்ம காம்பவுண்டுத் தண்ணியை யார் அவங்களைப் பிடிக்கச் சொன்னது?" என்றும் கேட்டாள். அதற்குப் பதில் எனக்குத் தெரியும்.

புது ஹோஸை மாட்டி டேங்கை ரொப்பினேன். ஒவ்வொரு குழாயாக அடித்தேன். கீழே விட்டேன். இன்னும் வாசனை. இரண்டாவது தடவை ரொப்பி விட்டேன். வாசனை குறைந்தது. மூன்றாவது தடவை ரொப்பும்போது வேணுகோபால் கேரவானுக்குள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். சோடாப் பெட்டி ரெண்டு. காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் நிறைத்த பித்தளைக் கூஜா நாலு.

"இதெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"குடிக்கிறதுக்கு. வழியில அதுங்கூடத் தீர்ந்துட்டா ஓட்டல்ல சோடா வாங்குவாங்க."

"அப்ப இந்த டேங்க்?"

"அது கை கால் கழுவ, கக்கூஸ்ல ஊத்த. நீ இன்னா நெனச்ச? இந்தத் தண்ணிய அம்மா வாயில ஊத்துவாங்களா?"

ஹோஸ் என் கையிலிருந்து நழுவி ஷெட்டெல்லாம் தண்ணீர் ஆனது. ஒரு டின் பவுடர். ராமலிங்கத்தின் தொண்டை. எல்லாம் ஊட்டி ரோட்டில் கால் கழுவுவதற்கு. அந்த நிமிஷம் அந்தக் கேரவானை உருட்டிச் சரிவில் தள்ளிவிட வேண்டும் என்று வெறி வந்தது. தள்ளவில்லை. ஹோஸை எடுத்து மறுபடி டேங்கில் சொருகினேன். அப்படிப்பட்ட ஆள்தான் நான்.

மூன்றாவது அலசல் சுத்தமாக இருந்தது. முகர்ந்தேன், நாக்கில் வைத்தேன். கண்ணாடிச் சோதனைக் குழாயில் பிடித்துச் சோதனைச் சொட்டு விட்டேன். பிளீச்சிங் பவுடர் மிச்சமிருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். நிறமே மாறவில்லை. லைன் குழாயில் அப்படித் தண்ணீர் வந்து மாதக்கணக்காகிறது. பன்னிரண்டு குடம். கை கால் கழுவ இன்னொரு டேங்க் ரொப்பவேண்டும், இதைக் கொட்டு என்று அம்மா ஜன்னலில் இருந்து சொன்னாள்.

சுவர் ஓட்டையில் எட்டிப் பார்த்தேன். பெண்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பியவர்கள், காலையில் வைத்த கல்லை எடுக்க வந்தவர்கள், ஏழெட்டுப் பேர். உடையாத பானையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பானையுமாக அஞ்சாறு பானை இருந்தன. தாகத்துக்கு எங்கே போவார்கள்? ஞாயிற்றுக்கிழமை குழாயே வராது.

வேணுகோபாலிடம், "நான் குரல் குடுத்ததும் திற" என்று சொல்லிவிட்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு அவர்களிடம் ஓடினேன்.

"இப்ப வர்றது நல்ல தண்ணி. சத்தியமா நல்ல தண்ணி. பானையை வையுங்க."

ஒருத்தியும் வைக்கவில்லை.

"வாசனை வருமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வராது."

"வாசனை வராட்டிக் குடிக்காதன்னு சொன்ன. வாசனை வந்ததைக் குடிச்சாரு, அங்க கெடக்குறாரு. இப்ப வாசனை வராததைக் குடிக்கச் சொல்ற. உம்பேச்சுல எதைத்தான்பா நாங்க கேக்குறது?"

மேலே அம்மாவின் குரல் கேட்டது. நான் குரல் கொடுக்காமலேயே அடைப்பான் திறந்தது. சிமெண்டு வாயில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. பளிங்குத் தண்ணீர்.

"பானையில புடிச்சாவது வையுங்களேன். அப்பால பார்த்துக் குடிங்க" என்று கெஞ்சினேன்.

"மண்பானை அத்தனையும் உறிஞ்சிக்கும். இதுவும் கெட்டதுன்னா இந்தப் பானையும் போச்சு. காலையில ஏழு பானை ஒடச்சியே, நீயா வாங்கித் தருவ?"

லூயிசாவைப் பார்த்தேன். எனக்கு அவள்தான் மிச்சம். அவள் கையில் ஒரு பானை இருந்தது. அதை இடுப்பில் அணைத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"மொதல்ல நீ குடிண்ணே."

குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். வயிறு நிறையும் வரைக்கும் குடித்தேன். நிமிர்ந்து, வாயைத் துடைத்து, "பார்த்தீங்களா? ஒண்ணுமில்ல. புடிங்க" என்றேன்.

"இருண்ணே" என்றாள் லூயிசா. "செத்த நேரம் பார்க்கலாம். அவருக்கும் ஒடனே தெரியல, குடிச்சுச் சொம்பைக் கீழ வச்சப்புறந்தான் புடிச்சுக்கிச்சு."

என் தங்கை. அவள் குரலில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. பெற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறாள். அவளை நான் எப்படிக் குறை சொல்வேன்?

அவர்கள் பானையோடு நின்று என் வாயையும் தொண்டையையும் பார்த்தார்கள். நான் அவர்கள் எதிரில் நின்றேன். பக்கத்தில் தண்ணீர் கொட்டி, செம்மண்ணில் பாதை போட்டுக்கொண்டு, எங்கள் கால்களுக்கு நடுவே சரிவில் இறங்கிப் போனது. எனக்கு இருமல் வந்தது. இருமினால் என்ன ஆகும் என்று தெரிந்து அடக்கிக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்து ஒருத்தி இரண்டடி பின்னால் போனாள்.

நான் விழவில்லை. கால் மணி நேரம் கல்லாக நின்றேன், ஒன்றும் ஆகவில்லை. "சரி, நல்ல தண்ணிதான் போலகீது" என்று லூயிசா பானையை இறக்கி வாயடியில் வைத்தபோது, உள்ளே நாலு சொட்டு விழுந்தது. டேங்க் தீர்ந்துவிட்டது.